ஆறே மாதத்தில் மண்ணாவேன்

மிளகு செத்தபோது அதை வெறும் குழியில் போட ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. குட்டியிலிருந்தே அவள் கட்டிலுக்கடியில் படுத்து வளர்ந்த கறுப்பு நாய் அது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், பச்சை இலைப் படம் போட்ட பெரிய பையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தாள். 'ஆறே மாதத்தில் மண்ணாவேன்' என்று அதில் எழுதியிருந்தது. அதை நம்பித்தான் மிளகை உள்ளே வைத்து, பையின் வாயை முடிந்து, கொல்லையில் புதைத்தாள்.

மூன்று வருஷம் கழித்து அந்த இடத்தில் மாதுளை வைக்கத் தோண்டினாள். பையில் இலைப் படம் அப்படியே பச்சையாக இருந்தது. முடிச்சுகூட அவிழவில்லை. மண்வெட்டி பட்டுக் கிழிந்த ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. உள்ளே இருந்தது மிளகும் இல்லை, மண்ணும் இல்லை. ஜெசிந்தா அழவில்லை. எல்லாவற்றையும் வெறும் மண்ணில் இட்டு மூடிவிட்டு, பையைக் கழுவாமலே அந்தக் கடைக்கு எடுத்துப் போனாள்.

பில் போடும் மேசையில் அதை விரித்தாள். வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். மேனேஜர் ஓடி வந்தான்.

"மேடம், இது தனி மெஷின்ல வச்சு சூடு பண்ணாத்தான் மக்கும். அடியில சின்னதா போட்டிருக்கு பாருங்க."

"அந்த மெஷின் எங்க இருக்கு?"

"நம்ம ஊர்ல இல்ல மேடம். முதல்ல இத எடுங்க, நாத்தம் தாங்கல."

"எதுக்கு எடுக்கணும்? மண்ணாயிடும்னு நீங்கதான எழுதி வித்தீங்க?"

அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆகட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."