பொன்னிறப் பாசி

"ஒண்ணுகூட இல்லம்மா! எலும்பு மஜ்ஜை சுத்தமா இருக்கு."

பரிசோதனைக்கூடத்தின் படிகளில் இறங்கும்போதே சொல்லிவிட்டார் ஆய்வாளர். இந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நல்ல செய்தியோடு அவர் கீழே வந்தது இதுதான் முதல் தடவை.

பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்தார்கள். ஒருத்தி, ஏரிக்குள் பாய்ந்த காரில் கணவனையும் சின்னஞ்சிறு மகளையும் பறிகொடுத்தவள். மற்றவர் அந்தக் கணவனின் அண்ணன், தையல்காரர்.

கார் தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு போயிருந்தது. சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் அவனுக்கு வேலை போயிருந்தது. ஊர் வாய்க்கு அது போதாதா? 'பெத்த பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோயிட்டான் பாவி' என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். அண்ணனிடம் தைக்கக் கொடுத்த துணியைப் பாதியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களும், அவர்கள் அம்மா இருக்கும் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தவர்களும் உண்டு.

அவள் மட்டும் யாரோடும் வாதாடவில்லை. இங்கே வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"கார் தண்ணிக்குள்ள போனப்ப அவர் உயிரோட இருந்தாரா மேடம்?"

பாவம், என்ன பதில் வருமோ என்று பயந்து சாகிறாள் என்றுதான் ஆய்வாளருக்குத் தோன்றும். அதனாலேயே முதல் நாள் பொறுமையாக விளக்கியிருந்தார்.

"ஏரித் தண்ணியில பொன்னும் பழுப்புமா ஒரு பாசி இருக்கும்மா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டயாட்டம்னு பேரு. தண்ணிக்குள்ள ஒருத்தர் மூச்சு இழுத்தா, அதுவும் சேர்ந்து நுரையீரலுக்குள்ள போயிடும். இதயம் துடிச்சாத்தான் அங்கேருந்து ரத்தத்துல கலந்து எலும்பு வரைக்கும் போகும். அதோட ஓடு கண்ணாடி மாதிரி. அமிலத்துல போட்டாலும் கரையாது."

"சின்னப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா."

இன்று அறிக்கை கையெழுத்தாகிவிட்டது. இனிச் சொல்வதில் தடையில்லை.

தையல்காரர் ஓரடி முன்னால் வந்தார். "அப்படின்னா என் தம்பி..."

"தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடியே போயிட்டார். இதயத்துல அடைப்பு இருந்ததா பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டரும் எழுதியிருக்கார். ஓட்டிட்டு இருக்கும்போதே உயிர் பிரிஞ்சிருக்கு. கார் தன்பாட்டுக்குப் போய் விழுந்திருக்கு. அவர்மேல ஒரு தப்பும் இல்ல."

தையல்காரர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, தோளில் கிடந்த அளவு நாடாவோடு சேர்த்து முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவசரத்தில் கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார்.

"கேட்டியாம்மா? என் தம்பி கொலைகாரன் இல்ல! எங்கம்மா இனிமே பயப்படாம ஜன்னலைத் திறந்து வைக்கலாம். கேட்டியா?"

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நிஜமாவே அவர் உடம்புல இல்லையா மேடம்? இன்னொரு தடவை பார்க்க முடியாதா?"

"மூணு தடவை பார்த்துட்டேம்மா. சந்தேகமே வேண்டாம். நீங்க இனிமே நிம்மதியா இருக்கலாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பாப்பாவுக்கும் பார்த்தீங்கல்ல?"

ஆய்வாளரின் முகம் வாடியது. "பார்த்தோம்."

"அவ எலும்புல?"

பொய் சொல்ல நா எழவில்லை. "இருந்துச்சும்மா."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நடந்தது நடந்துபோச்சு. அதை ஏம்மா இப்போ கேட்டுக்கிட்டு? அவன் நல்லவன்னு தெரிஞ்சதே, அது போதாதா?"

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் கெட்டவராவே இருந்துட்டுப் போகட்டும், கடைசி நேரத்துல பிள்ளையைக் கட்டிப் பிடிச்சிருப்பார்னு நினைச்சேனே..."

ஆய்வாளர் பதறிப்போய் அவள் அருகில் குனிந்தார்.

"அப்போ தண்ணிக்குள்ள என் பொண்ணு தனியாவா இருந்தா மேடம்?"