எழுந்து நடந்த அம்மா

"அய்யய்யோ, நடக்கறாங்க! இங்க பாருடி, நல்லா நடக்கறாங்க!"

சிக்கனம் போட்ட சத்தத்தில் விமான நிலையத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சிக்கனம் என்பது மச்சான்கள் வைத்த பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை விட இதுதான் அவருக்குப் பொருத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மனைவியை வெளியூர் சுற்றிக் காட்டக் கிளம்பியவர், நேராகப் போகிற விமானத்தில் காசு அதிகம் என்று வழியில் இறங்கி வேறு விமானம் மாறுகிற மலிவு டிக்கெட்டாகப் பார்த்துப் போட்டிருந்தார்.

மாறுகிற இடத்தில்தான் வந்தது வினை. இறங்கியது ஒரு கோடி, ஏற வேண்டிய வாசல் மறு கோடி. மனைவிக்கு முழங்கால் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டி வந்தாள்.

"டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குத் தனியா தீட்டுவான்டி."

உண்மையில் அதற்குக் காசே கிடையாது. அது கவுண்ட்டரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆனால், முன்கூட்டியே சொன்னவர்களுக்குத்தான் நாற்காலி, இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்த வயிற்றெரிச்சலோடு அவர் திரும்பிய நேரத்தில்தான், பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்தார். எழுந்ததோடு விட்டாரா? விறுவிறுவென்று இவர்கள் பக்கமாகவே நடந்து வந்தார்.

சிக்கனத்துக்கு அதிர்ச்சியில் வாய் மூடவில்லை. அடுத்த நொடி மூடவே முடியாதபடி திறந்துகொண்டது.

"ஓசின்னா எனக்கொண்ணு எங்கப்பனுக்கொண்ணுன்னு கிளம்பிடறாங்க! கால் வீங்கினவ நொண்டிட்டு வர்றா, கல்லு மாதிரி இருக்கறவங்க சொகுசா உக்காந்துட்டுப் போறாங்க!"

கவுண்ட்டருக்கே திரும்பினார். அந்த ஊர்ப் பாஷை அவருக்கு அத்துப்படி. வெளுத்து வாங்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம், அவங்க என்ன சொல்றாங்கன்னா…"

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் தொண்டைத் தண்ணி வத்தப் பேசறேன்."

ஊழியர் அந்த அம்மாவிடம் வந்து, நடக்க முடியுமா என்று சைகையில் கேட்டார். அம்மா சிரித்தபடி தலையாட்டினார்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க! கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

நாற்காலி கை மாறியது. மனைவி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். தள்ளுகிறவர் அவசரத்தில் வேகமாகத் தள்ளினார். அம்மாவும் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு கூட்டம் இறங்கி வர, அதற்குள் அவரைக் காணோம்.

"ஏங்க, அவங்க வரலையே. கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு? வருவாங்க."

விமானத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். சிக்கனத்துக்குப் பக்கத்து இருக்கை காலி. மலிவு டிக்கெட்டில் இப்படி ஒரு யோகமா என்று பையைத் தூக்கி அதில் வைத்தார்.

பணிப்பெண் ஓடி வந்தாள். "இந்த சீட்டுக்கு ஒரு அம்மா வரணுமே, பாத்தீங்களா? வீல்சேர்ல வந்தவங்க."

"அந்தம்மாவா! எங்கயாவது கடைய வேடிக்கை பாத்துட்டு நிப்பாங்க. நல்லா நடக்கறவங்கதான்."

"நடப்பாங்க சார். ஆனா படிக்கத் தெரியாதாம். இந்த ஊர்ப் பாஷையும் தெரியாது. வழி தெரியாம மகளுக்குப் போன் போட்டு அழுதிருக்காங்க. மக இப்பத்தான் எங்க ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. துணைக்கு இன்னொரு டிக்கெட் போட வசதியில்லையாம். யாராவது ஒருத்தர் கூடவே வந்து ஏத்தி விடணும்னுதான் வீல்சேர் கேட்டாங்களாம். அத யாரோ சண்டை போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க."

சிக்கனம் மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரைப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மக கிட்டத்தான். ஆஸ்பத்திரில பிரசவத்துக்குச் சேந்திருக்காங்க. நாளைக்கு ஆபரேஷன். வேற துணை இல்லையாம்."

சிக்கனம் பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் இறங்கறேன்மா. நான் போய்த் தேடிக் கூட்டிட்டு வர்றேன். ஓடிப் போய் ஓடி வந்துடுவேன்."

"ஆள் அனுப்பியிருக்கோம் சார். இனிமே யாரும் இறங்க முடியாது. உக்காருங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். வாசலையே பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"அடுத்த விமானத்துல அனுப்புவீங்கல்ல?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டார்.

"இந்த டிக்கெட்டுக்கு அந்த வசதி கிடையாது சார். புதுசாத்தான் எடுக்கணும்."

அது அவருக்குத் தெரியாததா? அதே டிக்கெட்தானே அவர் பையிலும் இருக்கிறது.

விமானம் நகர ஆரம்பித்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் என்னடி கண்டேன்? உக்காந்திருந்தவங்க பாட்டுக்கு உக்காந்தே இருந்திருந்தா எனக்கெதுக்கு வம்பு? அந்தம்மா எதுக்கு எந்திரிச்சு வரணும்?"

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"நான் நொண்டறதப் பாத்துட்டு, 'நீ உக்காந்துக்கம்மா, நான் கூடவே நடந்து வர்றேன்'னு சொல்லத்தான்."