இன்னும் ஒரு டிகிரி

டீசல் கார் எட்டரை விநாடியில் முடித்துவிட்டது.

வேகம் சோதிக்கும் மேடையில் பதித்த உருளைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டியிருந்ததால் கார் ஓரங்குலம்கூட நகரவில்லை. சக்கரம் மட்டும் எண்பதிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் வேகத்துக்குப் பாய்ந்துவிட்டு அடங்கிக்கொண்டிருந்தது.

டியூனர், பிள்ளையின் மார்க்கைக் காட்டுகிற தகப்பனைப்போலக் கணினித் திரையை மச்சான் பக்கம் திருப்பினார்.

"பாத்தியா? அலட்டிக்காம யானை மாதிரி இழுக்குது."

"யானை சரி மாமா. குதிரையையும் ஓடவிட்டுப் பாத்துருவோம்."

மச்சான், அவர் மனைவியின் தம்பி. பட்டறையில் இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பது அவன் வேலை. கோர்த்த இன்ஜினை முடுக்கிவிடுவது இவர் வேலை. இருப்பதே இரண்டு ஆள், டீசலையும் பெட்ரோலையும் சேர்த்துக் கட்டி மேய்க்க முடியாது, ஒரே எடையில் இரண்டு காரை மேடையேற்றுவோம், முந்துகிற வகையை மட்டும் இனிமேல் எடுத்துச் செய்வோம் என்று சொன்னவன் அவன்தான்.

டியூனரும் சரி என்றுவிட்டார். வேறென்ன சொல்வது? டீசல் தோற்றால் நாளையிலிருந்து வாசலில் பெட்ரோல் கார்களாக வந்து நிற்கும்.

இத்தனைக்கும் பெட்ரோலில் பெயரெடுத்த கை அது. நான்கு மாதமாகத்தான் வாயைத் திறந்தால் டீசல், டீசல். "வயசானா யானை மேல ஆச வரும்போல" என்று மச்சான் கிண்டல் செய்வான். அவரும் சிரித்து மழுப்பிவிடுவார்.

பெட்ரோல் கார் ஏறியது. ஒன்பது விநாடி.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"அவ்வளவுதான் அதோட சரக்கு. எறக்கிரு."

"டைமிங்க ரொம்பப் பின்னால வச்சிருக்கீங்க மாமா. ஒரு டிகிரி ஏத்துங்க."

பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் பெட்ரோல் கார் சீறும். ஆசைப்பட்டு அதிகம் தள்ளிவிட்டால் நெருப்பு முந்திக்கொண்டு, இரும்புக்குள்ளே யாரோ நகத்தால் சுண்டுவதுபோல மெல்லிசாக ஒரு தட்டல் வரும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பிஸ்டன் உருகிப்போகும். டீசலென்றால் புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். பெட்ரோலுக்கு அது ஆகாது. இன்ஜினில் ஒரு சின்னக் கருவியைத் திருகி, அதன் ஒயரில் ஹெட்போனைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மச்சான் உள்ளே உட்கார்ந்து மிதித்தான். தகரக் கூரை அதிர்ந்தது.

எட்டே முக்கால்.

மச்சான் கண்ணாடியை இறக்கி, கட்டைவிரலைத் தூக்கி, எப்படி என்பதுபோல ஆட்டினான்.

தட்டுகிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும். பந்தயம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் தட்டுகிறது என்றால், ஹெட்போனை வாங்கி அவனே கேட்டுப் பார்ப்பானே. அந்தப் பயத்தில் பொய்கூட வாயில் வரவில்லை, பாவம்.

"சுத்தம்" என்றார்.

இன்னும் ஒரு டிகிரி ஏற்றச் சொன்னான். ஏற்றினார்.

எட்டே கால்.

டீசல் தோற்றுவிட்டது.

மச்சான் முகமெல்லாம் பல்லாக இறங்கி வந்தான். ஒயரைச் சுற்றி வைக்கக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றான்.

ஹெட்போன் ஒயரின் முனை தரையில், முன்சக்கரத்தின் ஓரமாகக் கிடந்தது. அதைக் கருவியில் செருகவே இல்லை.

அவன் முனையைத் துடைத்தான். செருகினான். மாமாவின் தலையிலிருந்து ஹெட்போனை மெல்லக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டான்.

"நீங்க போய் மிதிங்க மாமா."

அவர் போய் உட்கார்ந்து மிதித்தார். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சானின் முகம். நூற்றிருபதில் அந்த முகம் சுருங்கியது. நூற்றுநாற்பதில், போதும் என்று கையைத் தூக்கினான்.

மனிதர் பேச்சு அவர் காதுக்கு எட்டும். இன்ஜினின் உறுமலும் எட்டும். அந்த மெல்லிசுத் தட்டல் மட்டும் எட்டாமல் போய் எத்தனை காலமோ, அவருக்கே தெரியாது. அது புரிந்த நாளை மட்டும் மறக்க முடியவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால், அவர் முடுக்கிக் கொடுத்த பெட்ரோல் கார் ஒன்று பாலத்தின் நடுவே பிஸ்டன் உருகி நின்றது. ஓட்டி வந்தவள் ஒரு நர்ஸ். பின்னால் வந்த லாரிக்காரனால் நிறுத்த முடியவில்லை.

பிஸ்டன் மாட்டியது என் கைதானே என்று மச்சான் தானாக வந்து பழியை ஏற்றுக்கொண்டான். இவர் இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். இரண்டு மாடி ஏறி, அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கி, வெயில் காட்டி, மறுபடி மேலே ஏற்றிவிட்டு வருகிறான். அவள் அவனோடு பேசுவதில்லை.

டியூனர் இன்ஜினை அணைத்தார். உருளைகள் ஓய்ந்தன. பட்டறையில் ஒரு சத்தமில்லை.

மச்சான் கதவருகே வந்து குனிந்தான்.

"அந்த நர்ஸ் வண்டிக்கும் நீங்கதான மாமா சுத்தம்னு சொன்னீங்க?"

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

அவர் உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான் சொன்ன? சரியா கேக்கல."