பேர் சொல்லி

பேருந்து நிலையத்தைப் பெரிதாக்க எம்.எல்.ஏ. இடிக்க வைத்த கடைகளில் சுடலைமணியின் டீக்கடையும் ஒன்று. அவர் மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தபோது அவன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டான். அவன் மனைவிதான் வாசலுக்குப் போனாள். கட்சிக்காரன் ஒருவன் எம்.எல்.ஏ. காதில் ஏதோ சொல்ல, அவர் கைகூப்பி, “செண்பகவல்லி, நல்லாருக்கியாம்மா?” என்றார்.

ஓட்டுப் போட்டுத் திரும்பும் வழியில், அவருக்குத்தான் போட்டதாக அவளே சொன்னாள்.

“நம்ம கடைய இடிச்சவனுக்கா?”

“பேரச் சொல்லிக் கூப்பிட்டாருல்லா. நீங்க கல்யாணமான நாள்லேருந்து ‘ஏய்’னுதான கூப்பிடுதீய.”

அவனுக்கு நெஞ்சு எரிந்தது. கடை இடிந்த அன்றுகூட இப்படி எரியவில்லை. முன்னால் போகிறவளைக் கூப்பிட வாயெடுத்தான்.

“ஏய்” என்றுதான் வந்தது.

அவள் திரும்பவில்லை.