வெளுத்த தண்ணீர்

இரண்டு மீன்குட்டைகளுக்கும் நடுவே உள்ள கரையில் நஞ்சுண்டன் வழிமறித்து நிற்கிறார். வலப்பக்கக் குட்டை நல்ல கரும்பச்சை. இடப்பக்கம் அவர் சாணி கரைத்து ஊற்றிப் பச்சையாக்கிய தண்ணீர் கழுநீர்போல் வெளுத்துக் கிடக்கிறது. காலை வெயிலில் கட்லா மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகின்றன. எதிரே, பீளமேட்டுக் கல்லூரியிலிருந்து வந்த லோகப்பிரியா, வெளுத்த தண்ணீர் பிடித்த சீசாவை மூடுகிறாள். "போன வாரம் நீ வந்துட்டுப் போனே, இன்னைக்கு என்ற மீனு சாவுது. என்னத்த ஊத்துனே அம்மணி?" "நான் ஒண்ணும் ஊத்தலைங்கய்யா. தண்ணியப் பச்சையாக்குற பாசிக்குள்ள வைரஸ் பூந்துருச்சுங்க. வைரஸ்லயே பெரிய சாதி. பாசி செத்து அழுகுனா மீனுக்குக் காத்துப் பத்தாதுங்க. சோதிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோயிருமுங்க." "பாசிக்குக் காய்ச்சலாக்கும்! ஊசி போட்டுட்டுப் போறது. என்ற தண்ணி என்ற காட்டை உட்டுப் போகாது." சீசாவைப் பிடுங்கி, மூடியைத் திருகி, நின்ற இடத்திலிருந்தே வலப்பக்கம் கவிழ்க்கிறார். "ஐயோ, அதுல ஊத்தாதீங்க, நாலு நாள்ல அதுக்கும் தொத்திக்கும்!" சீசா களக்களக்கென்று காலியாகிறது. பச்சைத் தண்ணீர் ஒரு வளையம் விரித்துப் பழையபடி மூடிக்கொள்கிறது. நஞ்சுண்டன் குனிந்து அதை உற்றுப் பார்க்கிறார். நிறம் மாறவில்லை. காலிச் சீசாவை அவள் கையில் திணிக்கிறார். "பாத்தியா? எங்கே தொத்துச்சு?"