தாண்டிப் போன பெயர்

"அந்த வீட்டோட உனக்கு என்னப்பா பகை?"

ஊர்த் தலைவர் வூங் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. ஒலிபெருக்கி அறை வாசலிலேயே நின்று கேட்டார். கையில் பெயர்ப் பட்டியல்.

"பகையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றான் குவான். ஊரில் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிகளுக்கு அவன்தான் பொறுப்பு.

அன்றைக்குத் தியாகிகள் நாள். சண்டைக்குப் போய்ச் செத்த ஊர்ப் பையன்கள் பேரைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். எப்போதோ ஒரு டீச்சர் வாசித்துப் பதிந்தது. குவானின் கம்ப்யூட்டர் அதைப் போடும்.

"பட்டியல்ல விரலை வச்சுக்கிட்டே கேட்டேன். அந்த வீட்டுப் பையன் சாங்குக்கு முன்னாடி பேர் வருது, பின்னாடி பேர் வருது. சாங் மட்டும் வரலை. போன வருஷமும் இதே கதைதானாமே?"

"கரண்ட் போனா அப்படி ஆயிடுதுங்க."

"எப்படி ஆயிடுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"மொத்தமும் ஒரே நீளக் கோப்புங்க. சி மொழியில நான் எழுதின புரோகிராம் அதைப் படிச்சுக்கிட்டே போகும். நடுவுல 'இப்ப எங்க இருக்கே?'ன்னு கேட்டா ஒரு எண்ணைச் சொல்லும். அப்படிக் கேக்கறதுக்கு எஃப்டெல்னு பேரு. அந்த எண்ணைக் குறிச்சு வச்சுக்கிட்டா, கரண்ட் போய் வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து வாசிக்கும். சில சமயம் கொஞ்சம் தள்ளிப் போயிடும்."

"அப்படியா? இன்னைக்குக் காலையில கரண்ட் போகவே இல்லையே. என் வீட்டு ஃபேன் நல்லா சுத்திக்கிட்டுத்தானே இருந்துது?"

குவான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திற அந்தப் புரோகிராமை."

திறந்தான். திரையில் இருந்தது ஒன்றும் தலைவருக்குப் புரியவில்லை. குவானின் முகம் புரிந்தது.

"தானா வந்த பிழையா, நீயா எழுதின பிழையா?"

"எழுதினதுதாங்க. சாங் பேர் தொடங்குற எண் வந்ததும், முடியுற எண்ணுக்குத் தாவிடுன்னு ஒரு வரி."

"ஹனோய் போய்ப் படிச்ச படிப்பு இதுக்குத்தானா? உயிரை விட்டவன் பேரைச் சொல்ல உன் குழாய்க்கு வாய் வலிக்குதா?"

"அதை அப்படியே விட்டுடுங்க தலைவரே."

"எதை விடுறது? நான் வெளியூர்க்காரன், வந்து வருஷம் ஆகலை, இவனுக்கு என்ன தெரியும்னு பார்க்கிறியா? சாயங்காலம் மாவட்டத்து ஆள் வந்து நின்னு கேட்கப் போறார். சாங் பேர் வரணும். வரலைன்னா சாவியை மேசை மேல வச்சுட்டுப் போய்க்கிட்டே இரு."

குவானுக்குச் சின்னச் சின்னதாய் ரெண்டு பிள்ளைகள். ஊரில் வேறு வேலையும் இல்லை. அந்த வரியை அழித்தான். வெளியே கேட்காமல் அறைக்குள் மட்டும் போட்டுக் காட்டினான். டீச்சர் குரல் சாங் பேரைப் பிசிறில்லாமல் சொன்னது.

"இவ்வளவுதானே. இதுக்குப் போய்... சரி, வண்டியை எடு. அந்தப் பையன் அம்மாவுக்குப் பரிசுப் பை குடுக்கணும்."

குவான் வண்டியை மெதுவாகத்தான் விட்டான்.

சாங்கின் அம்மா தொவா கிணற்றடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். தலைக்கு நேர் மேலே, கம்பத்தில் ஒலிபெருக்கி.

தலைவர் இரண்டு கையாலும் பையை நீட்டினார். பால் டப்பா, சர்க்கரை, ஒரு துண்டு.

"அம்மா, உங்க மகனோட நினைவா ஊர் சார்புல..."

"வீடு மாறி வந்துட்டீங்க ஐயா" என்றாள் தொவா. "இது செத்தவங்க வீட்டுக்குக் குடுக்கறதாச்சே?"

தலைவர் குவானைப் பார்த்தார். குவான் தரையைப் பார்த்தான்.

"நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. நினைவுக் கல்லுல என்னமோ செதுக்கியிருக்காங்களாம். எனக்கு எழுத்துத் தெரியாது. காதுதான் எனக்கு. காலையில இதே இடத்துல உட்கார்ந்து கேட்டேன். படகுக்காரர் மகன் பேர் வந்துது. மேலத்தெரு இரட்டைப் பசங்க பேர் வந்துது. என் மகன் பேர் வரலை."

வெற்றிலையை ஓரமாய்த் துப்பினாள்.

"வருஷா வருஷம் இந்த நாள் வந்தா எனக்குச் சோறு இறங்காது. வந்துடுமோ வந்துடுமோன்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வரலைன்னதும்தான் உலை வைப்பேன். பேர் வராத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கான்னுதானே அர்த்தம்?"

தலைவர் வீட்டுக்குள் பார்த்தார். முன்னோர் மேடையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாங்கின் படம் அங்கே இல்லை. எதிர்ச் சுவரில் காலண்டர் பக்கத்தில் மாட்டியிருந்தது, உயிரோடு இருக்கிறவர்கள் படத்தோடு.

"சாயங்காலமும் ஒரு தடவை வாசிப்பாங்க" என்றாள் தொவா. "அதையும் கேட்டுட்டா அப்புறம் ஒரு வருஷம் தூங்குவேன்."

நீட்டிய பையைத் தலைவர் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. வீடு மாறித்தான் வந்துட்டோம்."

இரண்டு பேரும் வாசலைத் தாண்டினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியில் பின்னால் ஏறினார்.

"அழிச்சியே, அந்த எண் ரெண்டும் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"வேகமா விடு. சாயங்காலம் நம்ம ஊர்ல கரண்ட் போகப் போகுது."