இருபதாம் நாள் விருந்து

மெனெக்ளீஸ் ரொட்டியைப் பிட்டு, வாயில் வைப்பதற்கு முன் மோந்து பார்த்தார்.

வெறும் வாற்கோதுமை ரொட்டி. குடிக்கத் தண்ணீர். நடுவில் பத்துப் பேருக்கும் சேர்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலாடைக்கட்டி.

இதுவா விருந்து?

ஏதென்ஸ் சந்தை முழுக்க வேறு கதையல்லவா பேசியது. கோட்டைவாசலுக்கு வெளியே ஒரு தோட்டமாம். இன்பம்தான் நல்வாழ்வு என்று அங்கே பாடம் சொல்லித் தருகிறார்களாம். மாதம் இருபதாம் நாள் வந்துவிட்டால் ஆணும் பெண்ணும் குடித்துக் கும்மாளம் போடுகிறார்களாம்.

நல்ல சரக்கை எங்கோ பதுக்கிவிட்டு நமக்கு நாடகம் காட்டுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் தெமியாஸ் இங்கே வந்து சேர்ந்தான். இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான். இன்று அவனைக் கையோடு கூட்டிப் போக வந்திருந்தார். ஐந்து நாளாக மலையில் கரிமூட்டத்துக்குக் காவலாகத் தனியே கிடந்ததில் பிடிவாதம் விட்டுப்போயிற்று. மூட்டம் பிரித்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் புகைநாற்றத்தோடு நேரே இறங்கி வந்துவிட்டார்.

எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் வழியெல்லாம் யோசனை. அதட்டியே கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

வந்ததிலிருந்து இவர்கள் செய்யும் உபசாரமும் அவருக்குச் சரியாகப் படவில்லை. தெமியாஸின் அப்பா என்று சொன்னதுமே எல்லோரும் எழுந்து நின்றார்கள். மிக்கா என்கிற பெண் அவர் காலைக் கழுவிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள். பிள்ளையை மயக்கியவர்கள் அடுத்து அப்பனையும் வளைத்துப் போடப் பார்க்கிறார்கள்.

பையனை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

ஆனால் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். களை பிடுங்கச் சொன்னால் முள்ளங்கியைப் பிடுங்கிவிட்டுக் களையைப் பத்திரமாக விட்டுவைத்தானாம். அதற்கு ஒரு சிரிப்பு. எஜமானர்களோடு சரிசமமாக உட்கார்ந்திருந்த திரேஸ் நாட்டு அடிமை ஒருவன், கண்ணை இடுக்கி வானத்தைப் பார்த்தான். "எங்கப்பா இப்படித்தான், புகையைப் பாத்தே கரி வெந்துருச்சான்னு சொல்லிருவாரு." தெமியாஸ் தன் அப்பாவைச் செய்துகாட்டுவது போலவே செய்தானாம். மிக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெனெக்ளீஸுக்குக் காது சுட்டது. பெற்றவனை உட்கார வைத்தே பரிகாசம் செய்கிறார்கள். உள்ளே ஒளிந்துகொண்டு அவனும் கேட்டுச் சிரிக்கிறான் போலும்.

"போதும்மா. சாப்பிட்டாச்சு, சிரிச்சாச்சு. என் பையனைக் கொண்டாங்க. அவன் இல்லாம நான் இங்கேருந்து நகர்றதா இல்ல."

சிரிப்பு நின்றது. மிக்கா எழுந்து உள்ளே போனாள்.

அதட்டினால்தான் வழிக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது கையில் துணி சுற்றிய மண்ஜாடி ஒன்று இருந்தது. மெனெக்ளீஸ் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

"நாலு நாள் காய்ச்சல்ங்க ஐயா. முந்தாநாள் தகனம் பண்ணினோம். உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தோமே. சேதி தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு..."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவர்கூடக் கறுப்புப் போர்த்தியிருக்கவில்லை. துக்கத்துக்காக ஒருவரும் தலைமுடியைக் கத்தரித்திருக்கவில்லை. சாவு விழுந்த வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"போனவங்களை நினைச்சு இங்க அழறது வழக்கமில்லீங்க. அவங்களோட சந்தோஷமா இருந்ததைத்தான் பேசுவோம். அவனும் அதைத்தான் கேட்டான்," என்றாள் மிக்கா.

அவர் ஜாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாலாடைக்கட்டி அறுத்த கத்தியை எடுத்தார். நெற்றி முடியைக் கொத்தாகப் பிடித்து அறுக்கத் தொடங்கினார். மழுங்கல் கத்தி. இழுத்து இழுத்து அறுக்க வேண்டியிருந்தது.

யாரும் தடுக்கவில்லை.

அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்ற மிக்கா, கொண்டையை அவிழ்த்துவிட்டு, அவர் முன்னால் வந்து உட்கார்ந்து தலையைத் தாழ்த்தினாள்.